மேம்பாலத்துக்கு ஏற்ற பெடல்

நவம்பர் 4, திங்கள்

பெடல் சரியில்லை. இன்றைக்கும் மேம்பாலத்தில் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். தையல் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி இடைவேளை முடிகிற நேரம். பாதிப் பேர் மிஷினுக்குத் திரும்பிவிட்டார்கள். மீதிப் பேர் நின்றுகொண்டே டீ குடித்தார்கள். கேனில் பாதி மிச்சம்.

மனசு ஒரு இடத்தில் நிற்காவிட்டால் எதையாவது எழுதும்மா என்று ஓசூரிலிருந்து தேன்மொழி போனில் சொன்னாள். பெற்ற மகள் சொல்கிறாள், சரி என்று உட்கார்ந்தேன். நான் ஆறாவதோடு நின்றவள். எழுத என்ன இருக்கிறது? டீ போட்டேன், கேனில் ஊற்றினேன், கொண்டுபோனேன். புரட்டாசி வரைக்கும் இதை என் வீட்டுக்காரர் செய்தார். இப்போது நான் செய்கிறேன்.

வண்டி என் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. வீட்டுக்காரர் போன பதினாறாம் நாள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மடியில் வைத்துவிட்டு, "வெளிய வா அம்மிணி" என்று கூப்பிட்டுப்போய்க் காட்டினார். வாசலில் புது பேட்டரி சைக்கிள். "சேலை எத்தன நாளைக்கு வரும்? இத ஓட்டிப் பொழைச்சுக்க" என்றார். பெடலை மிதித்தால் மோட்டார் பிடித்துக்கொண்டு இழுக்கும். மிதிக்காவிட்டால் நகராது. கைப்பிடியை முறுக்குகிற வகை இல்லை.

நல்ல வண்டிதான். பெடல்தான் சரியில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

காலையிலேயே ரஃபீக் கடைக்குப் போனேன். பாலம் ஏறுகிற இடத்திலேயே அவர் சைக்கிள் கடை. என்னைவிட வயதில் சின்னவர், என் வீட்டுக்காரருக்கு வண்டி பழுது பார்த்த பழக்கத்தில் என்னை அக்கா என்பார்.

"பெடல மாத்திக் குடுங்க, செருப்பு வழுக்குது" என்றேன்.

குனிந்து பார்த்தார். "வழுக்காம என்னங்கக்கா பண்ணும்? இது உங்க வீட்டுக்கார அண்ணனோட பழைய பெடல் கட்டை. ரப்பரு தேஞ்சு வழவழன்னு கெடக்குது. புது வண்டியில வந்தத எடுத்துட்டு இத மாட்டுன்னு நீங்கதான் சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். அதை இங்கே எழுதினால் தப்பில்லை. என் வீட்டுக்காரர் கடைசியாக ஓட்டிய சைக்கிள் வீட்டில் நிற்கக் கூடாது, உறவில்லாத, ஊர்பேர் தெரியாத ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று என் நாத்தனார் ருக்குமணி ஒரே பிடியாக நின்றுவிட்டார். அவர்கள் வீட்டு முறை அது. சரி என்றேன். கொடுப்பதற்கு முந்தின நாள் வண்டியை ரஃபீக்கிடம் கொண்டுபோய், பெடலையும் பெடல் மாட்டியிருக்கிற இரண்டு கிராங்க்கையும் கழற்றி என் வண்டியில் போடச் சொன்னேன். என் வண்டியில் இருந்தது அவர் வண்டிக்குப் போனது. யாருக்கும் தெரியாது. வண்டியைத்தானே கொடுக்கச் சொன்னார்கள்.

"கிராங்க்கைத் தொட வேண்டாம். பெடலை மட்டும் மாத்துங்க" என்றேன்.

ஓரத்தில் இரும்புப் பல் வைத்த பெடல் போட்டுக் கொடுத்தார். இனி வழுக்காது. ரப்பர் கட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 6, புதன்

பல்லில் சேலைக் கரை மாட்டிக் கிழிந்தது. கெண்டைக்காலில் கோடு கோடாக ரத்தம். பாலத்தில் இறங்கிவிட்டேன். மறுபடி ரப்பர் கட்டையையே போடச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

கம்பெனி சூப்பர்வைசர் மணிமாறன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். துக்கத்துக்கு வந்து ஒரு நாள் முழுக்க நின்றவர்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. டீ மெஷின்காரன் வந்து எடம் பாத்துட்டுப் போயிட்டான். பட்டனை அமுத்துனா டீ கொட்டும், நேரத்துக்கு. மொதலாளி கேக்கறாரு. இந்த மாசம் முடியற வரைக்கும் நான் தள்ளிப்போடறேன். பதினொன்னுக்கு மணி அடிக்கறப்ப கேனு இங்க இருக்கோணும்."

"இருக்குமுங்க" என்றேன்.

"அண்ணன் இருக்கறப்ப அவரு வந்தாத்தான் மணியே அடிப்போம்" என்று சிரித்தார். பிறகு ஏன் அதைச் சொன்னோம் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்தக் கம்பெனி போனால் மற்றச் சின்னக் கம்பெனிகளுக்காகப் பாலம் தாண்டிப் போவதில் அர்த்தம் இல்லை. வீட்டில்தான் உட்கார வேண்டும். வீட்டில் உட்கார என்னால் ஆகாது.

சைக்கிள் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரர் வண்டி நின்றது. இதுதான் ரஃபீக் பண்ணிய வேலை. ஊர்பேர் தெரியாத ஆள் வேண்டும் என்றதற்கு, நான் டீ கொண்டுபோகிற கம்பெனியிலேயே வேலை செய்கிற ஒடிசாக்காரப் பையனைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். பேர் சுதாம். பையன் என்கிறேன், முப்பது வயது இருக்கும், பனைமர உயரம். லேபிள், பட்டன், ஜிப் எல்லாம் பாலத்துக்கு எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கிற கடைகளிலிருந்து அவன்தான் எடுத்து வருகிறான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாலம் ஏறி இறங்குகிறானோ. நான் தள்ளிக்கொண்டு போகும்போது பக்கத்தில் மணி அடித்துக்கொண்டே தாண்டுவான்.

"டீ அக்கா! பேட்டரி வண்டிக்கு நீங்கதான் பேட்டரியா?"

சிரிப்பு வரவில்லை. ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

நவம்பர் 11, திங்கள்

பாலம் வேண்டாம் என்று ரயில்வே கீழ்ப்பாலம் வழியாகப் போனேன். நேற்றுப் பெய்த மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. திரும்பி வந்து பாலம் ஏறி, இறங்கி, தள்ளி. மணிமாறன் கடிகாரத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கழுவிய கேனையே மறுபடி கழுவினேன். டம்ளர்களையும்.

நவம்பர் 13, புதன்

கால் மூட்டு வலி. ரஃபீக்கிடம் சொன்னேன். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, என்னை உட்காரச் சொல்லி, பெடலை மெல்லச் சுற்றச் சொன்னார். நடுரோட்டில் சின்னப் பிள்ளை குதிரை ஏறின மாதிரி வெட்கமாக இருந்தது.

"பாத்தீங்களா? மேல வர்றப்ப முட்டி வயித்துக்கு வருது. கீழ போறப்ப கால் எட்டாம இடுப்பு சாயுது. சீட்ட எறக்குனா முட்டி இன்னும் மேல வரும். ஏத்துனா கால் இன்னும் எட்டாது. சீட்டு மேல குத்தமில்லீங்க. பெடலு மேலயும் குத்தமில்லீங்க. கிராங்க் நீளம்."

என்னைக் குனியச் சொல்லி, கிராங்க்கின் பின்பக்கத்தில் வெட்டியிருந்த எண்ணைக் காட்டினார். 170, மில்லிமீட்டர் கணக்காம்.

"இந்தக் கிராங்க் கை ஆறடி ஆளு ஓட்டறதுக்கு. உங்க வண்டியில மொதல்ல வந்தது நூத்தம்பத்தி ரெண்டு. ஒரு விரல் அகலந்தான் வித்தியாசம். ஆனா மேல ஒரு விரலு, கீழ ஒரு விரலு. சுத்துக்குச் சுத்து அது முட்டியத் திங்கும்."

"நீளமா இருந்தா மேட்டுல அமுத்த சுலுவுன்னு அவரு சொல்லுவாரு."

"மோட்டார் இல்லாத வண்டிக்கு அது சரி. இதுல அமுத்தற வேலைய மோட்டார் பாத்துக்கும். நீங்க சுத்தி விட்டாப் போதும். பெடலு சுத்தறது தெரிஞ்சாத்தான் மோட்டார் பிடிக்கும். பெரிய வட்டத்த நீங்க சுத்தி முடிக்கறதுக்குள்ள வண்டி மேட்டுல நின்னுருது."

"பழகிரும்" என்றேன்.

அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார். "ஏறறப்ப முட்டி இடிக்குது, எறங்கறீங்க. சரி. காலிக் கேனோட திரும்பி வர்றப்ப, மேல ஏறியாச்சு, எறக்கம். மிதிக்கவே வேண்டாம். அப்பவும் ஏன் எறங்கித் தள்ளிட்டு வர்றீங்க? கடையிலிருந்து தெனமும் பாக்கறேன்."

தண்ணீர் விட்ட பால் மாதிரி மழுப்பலாக ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

மழை. இஞ்சி தீர்ந்துவிட்டது. பாலத்தில் இறங்கினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

ருக்குமணி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. கை சும்மா இருக்க முடியாமல் பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கித் தேய்த்துக்கொண்டிருந்தேன். ரஃபீக் கடையில் காற்றடிக்க நின்றபோது விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. வந்ததும் வண்டிப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"ஏ மயிலா, இது அவனோட வண்டிக் கையாமா? நெசமா?"

"ஆமாங்க."

"உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? பாலத்து மேல அவன் உசுரக் குடிச்ச வண்டி. விழுந்த வண்டியோட உறுப்ப எடுத்து நீ ஏறற வண்டியில மாட்டி வெச்சிருக்கற. உனக்கு ஒண்ணுன்னா அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கறா?"

"விழுகலைங்க" என்றேன்.

"என்னது?"

"வண்டி விழுகலை. நெஞ்சு வலிக்கவும் இறங்கி, ஸ்டாண்டு போட்டுட்டுத்தான் உட்கார்ந்தாரு. கேனு அப்படியே இருந்துச்சு. நான் ஆட்டோவுல போய்ச் சேர்றப்பக்கூட டீ சூடா இருந்துச்சு. ஒரு சொட்டுச் சிந்தலை."

ருக்குமணி வண்டியை விட்டு விலகினார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவருக்கு ஒரே தம்பி. தேய்த்த பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தேன்.

போகும்போது, "அந்தக் கைய மாத்திப்போடு கண்ணு. சாங்கியத்துக்குச் சொல்லலை. நொண்டறயே, அதுக்குச் சொல்றேன்" என்றார்.

நொண்டுவது எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 20, புதன்

சுதாம் ஸ்டாண்டில் சீட்டை இன்னும் உயர்த்திக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே கொக்குக் கால் மாதிரி நின்றது.

"வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டேன். இந்த வண்டியைப் பற்றி அவனிடம் நான் பேசுவது இதுதான் முதல் தடவை.

"நல்ல வண்டி அக்கா. ஆனா கால் சின்னச் சின்ன வட்டம் சுத்துது. தையல் மிஷின் மாதிரி, டக் டக் டக் டக். கம்பெனியிலயும் மிஷின், ரோட்டுலயும் மிஷின்."

என் கிராங்க்கை அவனும், அவர் கிராங்க்கை நானும் சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்பான் என நினைத்தேன். கேட்கவில்லை.

"செத்தவர் வண்டின்னு ரஃபீக் பாய் சொன்னார். எங்க ஊர்லயும் செத்தவங்க சாமான் குடுப்பாங்க. ஆனா அது பூஜை பண்ற ஐயருக்குத்தான் போகும். எனக்குக் கெடைக்காது. இங்க வந்து நான் ஐயர் ஆயிட்டேன்."

இந்தத் தடவை சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் தெரிந்தது. உடனே டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"மாத்திக்கலாமா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வேணும்னா மாத்தலாம். வேண்டாம்னா நான் மிஷின் ஓட்றேன். பரவால்ல அக்கா."

ஞாயிற்றுக்கிழமை ரஃபீக் கடைக்கு வரச் சொன்னேன்.

நவம்பர் 24, ஞாயிறு

இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் ஸ்டாண்டில் நின்றன. ரஃபீக் முதலில் பெடல்களைக் கழற்றினார். இடது பக்கப் பெடல் எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். அது ஒன்றும் புதிதில்லை, என் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வைத்துக் கழற்றும்போது ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் ரஃபீக் தப்பான பக்கம் திருப்புகிறாரே என்று கை நீட்டிவிட்டேன்.

"சரிதானுங்கக்கா" என்றார்.

கிராங்க் வருவதற்கு அடம் பிடித்தது. அதை இழுத்தெடுக்கிற புல்லரை வைத்து முறுக்க முறுக்க, கடைசியில் 'டக்' என்று கையோடு வந்தது. என் மூட்டுக்குள் இருந்து வந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் இருக்கிற காந்த வட்டு உடையக் கூடாது, அது உடைந்தால் பெடல் சுற்றுவது மோட்டாருக்குத் தெரியாது என்று நிதானமாகத்தான் வேலை செய்தார். என் வீட்டுக்காரருடையது சுதாம் வண்டிக்குப் போனது. என்னுடையது எனக்கு வந்தது.

பிறகு பெடல். பெட்டி பெட்டியாக எடுத்துப் போட்டார். குறுகலான பிளாஸ்டிக் பெடல் மழையில் ஆகாது. இரும்புப் பல் சேலைக்கு ஆகாது. மடக்குகிற பெடல் நமக்கு எதற்கு? கடைசியில் அகலமான பிளாஸ்டிக் பெடல் ஒன்று. மேலே நெல் முளை மாதிரி சின்னச் சின்ன முனைகள். செருப்பைப் பிடித்துக்கொள்கிறது, சேலையைப் பிடிக்கவில்லை. முன்பாதத்தை வைக்கவும் சொன்னார், நடுப்பாதத்தை வைத்துத்தான் நான் இத்தனை நாளும் மிதித்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். "ஒரு கால பெடல்ல வெச்சு கெந்திக் கெந்தி ஏறாதீங்க. பழைய சைக்கிளுக்கு அது சரி. இதுல நீங்க ஏறறதுக்குள்ள மோட்டார் கெளம்பிரும். பிரேக்கப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்து, அப்பறம் கால் வைங்க. பிரேக்கு புடிச்சா மோட்டார் பேசாது."

சுதாமுக்குப் புது ரப்பர் கட்டை. தேய்ந்த பழைய கட்டைகள் இரண்டையும் ரஃபீக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது இனி யாருக்கும் ஆகாதுங்கக்கா."

பழைய இரும்பு போடுகிற டப்பாவில் போட்டார்.

சுதாம் ஒரு வட்டம் அடித்து வந்தான். "அக்கா, இப்ப கால் பெருசா சுத்துது! சைக்கிள் மாதிரி இருக்கு!"

நவம்பர் 25, திங்கள்

மூட்டு இடிக்கவில்லை. இடுப்பு சாயவில்லை. பெடலில் கால் வைத்ததும் இரண்டு சுற்றில் மோட்டார் பிடித்துக்கொண்டது. பாலத்தில் கேனோடு பாதி தூரம் தடையில்லாமல் ஏறியது.

அப்புறம் இறங்கிவிட்டேன்.

தள்ளிக்கொண்டு போய், அந்த விளக்குக் கம்பத்தைத் தாண்டிய பிறகு ஏறிக்கொண்டேன். மணி அடித்து முடிந்திருந்தது.

நவம்பர் 27, புதன்

இன்றும்.

நவம்பர் 28, வியாழன்

ரஃபீக் கடையில் நிறுத்தினேன். "பெடல் கொஞ்சம் லூசா இருக்குது போல" என்றேன்.

அவர் பெடலைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. கிராங்க்கை ஆட்டினார். ஆடவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார்.

"ஆமாங்கக்கா, லேசா லூசுதான்" என்று சொல்லி ஸ்பானரை எடுத்து, இறுகி இருந்த நட்டையே இன்னொரு தடவை இறுக்கினார். வலது பக்கம், இடது பக்கம். அவசரமே படவில்லை.

"இப்ப பாருங்க" என்றார்.

கம்பெனியில் மணிமாறன் கேட்டார், "சனிக்கிழமை மெஷின்காரன் பதில் கேக்க வர்றான். என்னங்கக்கா சொல்லட்டும்?"

"சனிக்கிழமை சொல்றேனுங்க."

நவம்பர் 30, சனி

எப்போதையும்விட முன்னாலேயே டீ போட்டுவிட்டேன். கேனை இறுக்கிக் கட்டினேன், அவிழ்த்து மறுபடி கட்டினேன். ரஃபீக் கடையைத் தாண்டும்போது அவரைப் பார்க்கவில்லை.

பாலம் தொடங்குகிற இடத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாரிகள் போயின. பேருந்து போனது. கால் பெடலில் இருக்கிறது. மிதிக்கவில்லை. இப்படியே திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், மெஷின் வரட்டும், பட்டனை அமுக்கினால் டீ கொட்டட்டும் என்று இருந்தது.

பின்னால் மணி அடித்தது. சுதாம். கேரியரில் லேபிள் மூட்டை.

"டீ அக்கா, இன்னிக்கு ஓட்றீங்களா, தள்றீங்களா?"

"சுதாம், நீ முன்னால போ."

"நீங்க போங்க அக்கா, உங்க வண்டி மோட்டார்."

"நீ போ. நான் பின்னாலயே வர்றேன். நடுவுல எங்கயும் நிக்காத."

"நான் எதுக்கு அக்கா நிக்கப் போறேன்?"

"நிக்காதன்னா நிக்காத."

அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. தலையை ஆட்டிவிட்டு ஏறினான். நானும் மிதித்தேன். மோட்டார் பிடித்தது.

எனக்கு முன்னால் அவர் வண்டி போயிற்று. மட்கார்டு, பச்சைக் கேரியர், எல்லாம் அதே. மேலே உட்கார்ந்திருக்கிற முதுகுதான் வேறு. சட்டை காற்றில் உப்பியிருந்தது. மேட்டில் அவன் எழுந்து நின்று மிதித்தான், நீளக் கிராங்க் பெரிய வட்டமாகச் சுற்றியது. முதல் கம்பம். அடுத்த கம்பம். நான் அவன் பின்சக்கரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. பாதி வந்தது. என் கை தானாகப் பிரேக்குக்குப் போனது. அந்தச் சக்கரத்தையே பார்த்தேன். அந்தக் கம்பம் வந்தது. அங்கேதான் அந்த வண்டி அன்றைக்கு ஸ்டாண்டு போட்டு நின்றது.

நிற்கவில்லை. அது பாட்டுக்குப் போயிற்று.

நானும் போனேன்.

மேலே சமதரை வந்ததும் சுதாம் திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினான். லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை. கையைக் காட்டி, போ போ என்றேன்.

கம்பெனிக்குள் கேனை இறக்கி வைத்து, டம்ளர்களை வரிசையாக வைத்து முடித்த பிறகும் மணி அடிக்கவில்லை. மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மணிமாறன் மாடிப்படியில் இறங்கி வந்தவர், என்னைப் பார்த்ததும் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அடிங்க" என்றேன்.

டீ முழுக்கத் தீர்ந்தது. இரண்டு பேருக்குப் பத்தவில்லை. திங்கட்கிழமை கூடக் கொஞ்சம் கொண்டுவாங்க என்றார் மணிமாறன். மெஷின்காரனைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது தனியாகத்தான் வந்தேன். உச்சியைத் தாண்டியதும் இறக்கம். காலிக் கேன் கடகடவென்று ஆடியது. இறக்கத்தில் மிதிக்க வேண்டியதே இல்லை.

மிதித்தேன்.